350 மாணவர் வரம்பில் நிற்கும் பள்ளி மாவட்டம்: இணைவதா, விலக்குக் கேட்பதா, பகிர்ந்துகொள்வதா?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், தொடர்ந்து இரண்டு கல்வியாண்டுகள் மாணவர் எண்ணிக்கை 350-க்குக் கீழே இருந்தால் அந்தப் பள்ளி மாவட்டத்தை வேறொரு மாவட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சட்டம் விதித்தது. அங்கே பள்ளி மாவட்டம் என்பது வருவாய்த் துறையின் பிரிவு அன்று. ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியமும், அதன் கீழ்ப் பணிபுரியும் ஒரு கண்காணிப்பாளரும், சொத்து வரி வருவாயும் உடைய தனி அமைப்பு. சிற்றூர்களில் ஒரு தொடக்கப்பள்ளியும் ஓர் உயர்நிலைப்பள்ளியும் சேர்ந்ததே ஒரு முழு மாவட்டமாக இருப்பதுண்டு. 1939-40இல் நாடெங்கும் சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன; இன்று ஏறத்தாழ 13,000 மட்டுமே உள்ளன. எஞ்சியவற்றுள், ஓராண்டு 360, மறு ஆண்டு 335 என்று ஊசலாடும் ஆர்கன்சாவின் ஒரு கிராமப்புற மாவட்டம் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அதன் வாரியத்தின் முன் உள்ள வழிகள் பல அல்ல. தானே முன்வந்து ஒரு பக்கத்து மாவட்டத்தோடு இணையலாம். 2015-ஆம் ஆண்டின் 377-ஆம் எண் சட்டம் திறந்துவிட்ட வழியில், எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்குக் கேட்டு மாநிலக் கல்வி வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். தனித்து இருந்துகொண்டே பாடங்களையும் வல்லுநர்களையும் அக்கம்பக்கத்தோடு பகிர்ந்துகொள்ளலாம். செலவைக் குறைக்க வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்று மாறலாம். எதையும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான்; ஆனால் அப்படிக் காத்திருந்தால் முடிவு மாநிலத்தின் கைக்குப் போய்விடும்.

இந்த விவாதம் ஊர்க் கூட்டத்துக்கு வரும்போது முதலில் மேசையில் வைக்கப்படுவது தேர்வு முடிவுகள்தாம். “அந்த மாவட்டத்தில் 48 சதவீதம் பேர் தேர்ச்சி, நம் மாவட்டத்தில் 36 சதவீதம், ஆகவே இணைந்தால் நம் பிள்ளைகள் முன்னேறுவார்கள்” என்பது ஒரு தரப்பு. “நம் மூன்றாம் வகுப்பு இந்த ஆண்டு மாநிலச் சராசரியை விஞ்சிவிட்டது; நம்மை ஏன் கலைக்க வேண்டும்” என்பது மறு தரப்பு. இரண்டு வாதங்களையும் முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவெடுக்கத் தேவையான வேறு செய்திகளை அவை மறைத்துவிடுகின்றன.

சிறிய எண்ணிக்கையின் இயல்பு அப்படிப்பட்டது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் 4 சதவீதப் புள்ளிக்குச் சமம். ஆசிரியர் மாறாமல், பாடநூல் மாறாமல், கற்பித்தலில் எந்த வேறுபாடும் இல்லாமல், அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும் பிள்ளைகள் வேறு என்ற ஒரே காரணத்தால் தேர்ச்சி விகிதம் பத்துப் புள்ளி ஏறவோ இறங்கவோ முடியும். இரண்டு குடும்பங்கள் ஊரை விட்டுப் போனாலே வரைபடத்தின் கோடு மாறிவிடும். மாநில அளவிலான தரவரிசைகளில் முதல் இடங்களிலும் கடைசி இடங்களிலும் சிறிய பள்ளிகளே அளவுக்கு மீறிக் காணப்படுவதற்குக் காரணம் இதுதான். வட கரோலினாவின் முடிவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் இதை 2000-களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார்கள். ஆகவே, ஒரு சிறிய மாவட்டத்தின் ஓராண்டு முடிவைப் பார்த்துப் பெருமைப்படுவதும் தவறு, பதறுவதும் தவறு. குறைந்தது மூன்று ஆண்டுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்கன்சாவில் அதுவும் எளிதன்று. 2023-24இல் பழைய தேர்வு நீக்கப்பட்டு அட்லஸ் என்ற புதிய தேர்வு வந்ததால், அதற்கு முந்தைய எண்களோடு புதியவற்றை நேராக ஒப்பிட முடியாது.

இரண்டாவது சிக்கல் மாணவர் சேர்க்கையின் தன்மையில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். இரு மாவட்டங்களிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரும், மற்றப் பிள்ளைகளில் 60 சதவீதம் பேரும் தேர்ச்சி பெறுகிறார்கள் என்று கொள்வோம். முதல் மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகள் 80 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம். முதலாவதன் மொத்தத் தேர்ச்சி 36 சதவீதம். இரண்டாவதன் தேர்ச்சி 48 சதவீதம். மேலே ஊர்க் கூட்டத்தில் சொல்லப்பட்ட அதே 12 புள்ளி வேறுபாடு, கற்பித்தலில் இம்மியளவும் வேறுபாடு இல்லாமல் வந்துவிட்டது. இணைந்த பிறகு புதிய மாவட்டத்தின் சராசரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எந்தப் பிள்ளையும் கூடுதலாக ஓர் எழுத்தும் கற்றிருக்காது.

வறுமையை அளக்கும் கோலும் இப்போது நம்பகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெடுங்காலமாக, இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவு பெறும் மாணவர் விகிதமே வறுமைக்கான குறியீடாகக் கொள்ளப்பட்டது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வறுமை மிகுந்த பள்ளிகள் தனித்தனி விண்ணப்பம் கேட்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு வழங்கலாம் என்றாயிற்று. அரசின் உதவித் திட்டங்கள் வழியே நேரடியாக அடையாளம் காணப்படும் மாணவர்கள் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பும் 2023-இல் 25 ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகளின் வயிற்றுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அறிக்கையில் “100 சதவீதம்” என்று காட்டும் இரு மாவட்டங்கள் உண்மையில் ஒரே அளவு வறுமை உடையவையா என்பதை அந்த எண் சொல்லாது. இனம், வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை என்று பிரித்துப் பிரித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டம் கட்டளையிடுகிறது. எனினும் ஒரு பிரிவில் மிகச் சிலரே இருந்தால், தனிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காண முடியாதபடி அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படும். சிறிய மாவட்டத்தின் அறிக்கையில் மிகவும் தேவையான கட்டங்களே இப்படி வெறுமையாகக் கிடக்கின்றன.

350 என்ற வரம்பு எப்படி வந்தது என்பதை அறியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. மிசிசிப்பி ஆற்றங்கரையில், டெல்டா என்று அழைக்கப்படும் சமவெளியில், பிலிப்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) லேக் வியூ என்ற சிற்றூர் இருக்கிறது; 1930-களில் கறுப்பின உழவர் குடும்பங்களுக்காகக் கூட்டாட்சி அரசு உருவாக்கிய மறுகுடியேற்றத் திட்டத்தில் பிறந்த ஊர் அது. ஏறத்தாழ எல்லா மாணவர்களும் கறுப்பினத்தவராக இருந்த அதன் பள்ளி மாவட்டம், மாநிலம் கல்விக்குப் பணம் பங்கிடும் முறை நியாயமற்றது என்று 1992-இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுகள் கழித்து, 2002 நவம்பரில், மாநில உச்ச நீதிமன்றம் அந்த மாவட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கூடிய சட்டமன்றம் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியது. கூடவே சிறிய மாவட்டங்களை இணைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 என்ற மிக உயர்ந்த வரம்பை விரும்பினார். 350 போதாது என்று கருதிய அவர் கையெழுத்திடாமலே மசோதா சட்டமாயிற்று. 2004-இல் முதல் சுற்றிலேயே இணைக்கப்பட்டவற்றுள் வழக்கை வென்ற லேக் வியூ மாவட்டமும் ஒன்று; அது பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. வென்றவர் வீடிழந்த இந்தக் கதையை ஆர்கன்சாவில் கல்வி பற்றிப் பேசுவோர் யாரும் மறப்பதில்லை.

அதே சட்டம் மாநிலத்தின் மறு மூலையில், ஓசார்க் மலைப்பகுதியிலும் செயல்பட்டது. அங்கே ஏறத்தாழ எல்லா மாணவர்களும் வெள்ளையர், ஏழ்மைக்குக் குறைவில்லை, ஆனால் மலையும் பள்ளத்தாக்கும் ஆறும் ஊர்களைப் பிரிக்கின்றன. கிங்ஸ்டன், ஓவார்க் என்ற இரு சிறு மாவட்டங்கள் 2004-இல் ஜாஸ்பர் மாவட்டத்தோடு நிர்வாக அளவில் இணைக்கப்பட்டன. பள்ளி வளாகங்களோ அவரவர் ஊரிலேயே தொடர்ந்து நடந்தன. டியரும் மவுண்ட் ஜூடியாவும் சேர்ந்து ஒரே மாவட்டமாயின. அங்கும் இரு ஊர்களிலும் பள்ளிகள் தொடர்ந்தன. டெல்டாவில் நடந்தது வேறு: எலைன் மாவட்டம் 2006-இல் மார்வெலோடு இணைக்கப்பட்டது, எலைன் ஊரில் இன்று பொதுப்பள்ளி இல்லை. ஒரே எண், ஒரே சட்டம், இரு வேறு மாணவர் கூட்டங்கள், இரு வேறு விளைவுகள். மலையில் தொலைவு பள்ளியைக் காத்தது. சமவெளியில் சாலைகள் நேராக இருந்ததே பள்ளியை மூடுவதற்கு வசதியாகிவிட்டது.

இனி வழிகளைப் பார்க்கலாம். இணைப்பால் கல்வித் தரம் உயருமா என்பதற்கு ஆர்கன்சாவிலேயே ஓரளவு உறுதியான விடை உண்டு. 350 என்ற கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த மாவட்டங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், கணிதத்திலும் ஆங்கிலத்திலும் இணைப்பின் விளைவு ஒன்றுமில்லை அல்லது சிறிதளவே நன்மை என்று கண்டார்கள். அதைவிட முக்கியமாக, மொத்தச் செலவு குறைந்ததற்கோ வகுப்பறைக்குச் செல்லும் பங்கு கூடியதற்கோ அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புற இணைப்புகளை ஆராய்ந்த வேறொரு ஆய்வு, மிகச் சிறிய மாவட்டங்கள் சேரும்போது கணிசமான சேமிப்பு உண்டு என்றும், அளவு கூடக் கூட அந்தச் சேமிப்பு தேய்ந்துவிடும் என்றும் காட்டியது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், சேமிப்பை நம்பி இணைவது உறுதியற்றது என்பேன். இணைப்பில் கிடைக்கும் உண்மையான ஆதாயம் உயர்நிலைப்பள்ளியின் பாட வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியும் ஆண்டுதோறும் 38 பாட அலகுகள் கற்பிக்க வேண்டும் என்பது ஆர்கன்சாவின் அங்கீகார விதி. ஒரு வகுப்பில் 22 பேர் மட்டுமே உள்ள பள்ளியில் இயற்பியலுக்கு மூன்று பேர், இரண்டாம் ஆண்டு ஸ்பானியத்துக்கு நான்கு பேர் என்று வகுப்புகள் நடக்கும். ஓர் ஆசிரியரே வேதியியல், உயிரியல், உடல்நலக் கல்வி என மாறி மாறிக் கற்பிப்பார். அவர் விலகினால் மூன்று பாடங்கள் ஒருசேர விழும்.

இழப்பின் கணக்கும் உண்டு. அதை இணைப்பு ஆதரவாளர்கள் பேசுவது அரிது. 600-க்கும் குறைவான மாணவர் வருகை உடைய கிராமப்புற மாவட்டங்களுக்குக் கூட்டாட்சி அரசு தனி மானியம் தருகிறது. தலா 330 பேர் கொண்ட இரு மாவட்டங்கள் சேர்ந்தால் வரம்பைத் தாண்டி அந்தத் தகுதியை இழக்க நேரும். மக்கள் நெருக்கம் சதுர மைலுக்கு 10 பேருக்கும் குறைவான கவுண்டிகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஓசார்க்கின் நியூட்டன் கவுண்டி அப்படிப்பட்டது, பிலிப்ஸ் கவுண்டி அப்படிப்பட்டதன்று. இங்கும் மலைக்கு ஒரு நீதி, சமவெளிக்கு ஒரு நீதி.

சிறிய அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்குச் சாதகமானது என்ற ஆய்வு மரபையும் கருத வேண்டும். 1988-இல் கலிஃபோர்னியாவின் தரவுகளிலும், பின்னர் ஜார்ஜியா, ஒஹாயோ, டெக்சஸ், மொன்டானா மாநிலங்களிலும் செய்யப்பட்ட ஆய்வுகள், பள்ளியும் மாவட்டமும் பெரிதாகப் பெரிதாக வறுமைக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இடையிலான பிணைப்பு இறுகுகிறது என்று பொதுவாகக் கண்டன. ஆர்கன்சாவின் இணைப்பு ஆய்வு தீமை எதையும் காணவில்லையே என்று கேட்கலாம். இரண்டும் முரண்படுவதாக நான் கருதவில்லை. 60-ஆம் எண் சட்டம் முதலில் நிர்வாகத்தைத்தான் இணைத்தது. பல இடங்களில் பிள்ளைகள் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரிடம் தொடர்ந்து படித்தார்கள். ஆகவே வாரியம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாகப் பிரிகிறது: அலுவலகத்தை இணைப்பதா என்பது ஒன்று, ஐந்து வயதுக் குழந்தையின் வகுப்பறையை இடம் மாற்றுவதா என்பது மற்றொன்று. முன்னதற்கு உடன்படுபவர் பின்னதற்கு உடன்பட வேண்டியதில்லை.

விலக்குக் கேட்கும் வழி பார்வைக்கு எளியது. ஆனால் நிபந்தனை உண்டு. நிதி நெருக்கடிப் பட்டியலிலோ கட்டட நெருக்கடிப் பட்டியலிலோ உள்ள மாவட்டம் அதைப் பெற முடியாது. எண்ணிக்கை குறையக் குறைய மாநிலத்தின் தலைக்கணக்கு நிதியும் குறையும் என்பதால், விலக்கு மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் அதற்கான தகுதி கைநழுவும். எண்ணிக்கை ஏன் குறைகிறது என்பதே இங்கே தீர்மானிக்கும் செய்தி. பிலிப்ஸ் கவுண்டியில் 1950-இல் 46,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2020-இல் சுமார் 16,500 பேர். பருத்தி வயலில் இயந்திரம் வந்தபின் தொடங்கிய வெளியேற்றம் அது. அதை ஒரு விலக்கால் திருப்ப முடியாது. மார்வெல்-எலைன் மாவட்டமே இதற்குச் சான்று. இணைப்பில் பிறந்த அம்மாவட்டமும் 350-க்குக் கீழே சரிந்தது. மாநிலம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு, 2023-ஆம் ஆண்டின் லேர்ன்ஸ் என்ற மாநிலக் கல்விச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக வெளியார் அமைப்பு ஒன்றிடம் பள்ளிகளை நடத்தும் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. ஊரார் வழக்குத் தொடுத்தும் அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. காத்திருப்போருக்கு நேரக்கூடியது இதுவே.

பகிர்வு வழி மற்றவற்றைப் போல் பரபரப்பானதன்று. அதனாலேயே உரிய கவனம் பெறுவதில்லை. ஆர்கன்சாவில் 1985 முதல் கல்விச் சேவைக் கூட்டுறவுகள் இயங்குகின்றன. இன்று 15 உள்ளன. பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பார்வைக் குறை உள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர் போன்றோரை ஒரு சிறிய மாவட்டம் முழுநேரம் அமர்த்த இயலாது. ஆனால் மாற்றுத்திறன் மாணவர்க்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் அச்சேவையைத் தந்தாக வேண்டும். அவர்களைப் பல மாவட்டங்கள் சேர்ந்து அமர்த்தும்போது இக்கடமை தாங்கக்கூடியதாகிறது. உயர்நிலைப் பாடங்களின் குறையை ‘வர்ச்சுவல் ஆர்கன்சா’ என்ற இணையவழி ஏற்பாடு ஓரளவு நிரப்புகிறது. ஓரளவு என்றே சொல்வேன்: தானே முனைந்து படிக்கும் மாணவருக்கு அது போதும், இயற்கணிதத்தில் தடுமாறும் மாணவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்தான் வேண்டும். ஆசிரியரைப் பிடிப்பதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. லேர்ன்ஸ் சட்டம் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 50,000 டாலராக உயர்த்தியதால், சம்பளத்தில் பெரிய மாவட்டங்களோடு இருந்த இடைவெளி குறைந்துள்ளது.

நான்கு நாள் வாரத்தை இவற்றுக்கு இணையான வழியாக நான் கருதவில்லை. மிசூரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாவட்டங்கள் அதை ஏற்றிருக்கின்றன. ஆசிரியர்களை ஈர்க்க உதவுகிறது என்கிறார்கள். சேமிப்போ மிகச் சொற்பம்: 2011-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி கோட்பாட்டளவில் அதிகபட்சம் 5.43 சதவீதம், நடைமுறையில் 0.4 முதல் 2.5 சதவீதம். ஒரிகன் மாநிலத்தில் மதிப்பெண்கள் சரிந்ததாக ஆய்வு உண்டு. பள்ளியில் கிடைக்கும் உணவையே பெரிதும் நம்பியிருக்கும் பிள்ளைகள் மிகுந்த மாவட்டத்தில், வெள்ளிக்கிழமை யார் சோறு போடுவார்கள் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

என் தீர்ப்பு மாவட்டத்தின் இடத்தையும் மாணவரையும் பொறுத்து வேறுபடுகிறது. எண்ணிக்கை நிலையாக 340-க்கு அருகே நின்று, அடுத்த உயர்நிலைப்பள்ளி மலைச்சாலையில் முக்கால் மணிப் பயணமாக இருந்தால், விலக்கும் கூட்டுறவுப் பகிர்வும் சேர்ந்ததே சரியான வழி. அங்கே இணைப்பு தருவது பெயர்ப்பலகை மாற்றம் மட்டுமே. எண்ணிக்கை ஆண்டுதோறும் தேய்ந்துவரும் சமவெளி மாவட்டமோ, கையில் பேரம் பேசும் வலு இருக்கும்போதே இணைந்துவிடுவது நல்லது. அதிலும் இரு வகை உண்டு. பெரிய மாவட்டம் சிறியதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது ஒன்று. இரண்டும் கலைந்து புதிய மாவட்டமாகப் பிறப்பது மற்றொன்று. கறுப்பின மாணவர் மிகுந்த சிறிய மாவட்டம் வெள்ளையர் மிகுந்த பெரிய மாவட்டத்தோடு சேரும்போது, வாரிய உறுப்பினர்களை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுத்தால் சிறிய ஊருக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போகலாம். தொகுதி பிரித்துத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். தொடக்கப்பள்ளியை மூடுவது பற்றிப் பின்னாளில் வாக்கெடுப்பு வரும்போது அந்த ஓர் இடத்துக்கு இருக்கும் மதிப்பு எந்தத் தேர்ச்சி விகிதத்துக்கும் இல்லை.

காலமும் குறுகியது. வரம்புக்குக் கீழே உள்ள மாவட்டங்களின் பட்டியல் ஜனவரித் தொடக்கத்தில் வெளியாகும். தானே துணை தேடிக்கொள்ள விரும்பும் மாவட்டம் மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணைப்பு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். தொகுதிப் பிரிவு, எந்த வளாகம் எத்தனை ஆண்டுக்கு மூடப்படாது என்ற உறுதி, ஆசிரியர் பணிமூப்பு, ஆறு வயதுக் குழந்தை பேருந்தில் இருக்கக்கூடிய உச்ச நேரம் ஆகியவற்றை இரண்டு மாதத்தில் பேசி எழுத முடியாது. எண்ணிக்கை 400-ஐ நெருங்கும் ஆண்டிலேயே, துணையாகக் கருதும் ஒவ்வொரு மாவட்டத்திடமிருந்தும் அதன் பேருந்துத் தடங்களையும் உயர்நிலைப்பள்ளிப் பாட அட்டவணையையும் வாரியத் தேர்தல் முறையையும் கேட்டு வாங்கும் வேலை தொடங்கியிருக்க வேண்டும்.